புது ஃபோர் பை ஃபோர் வாங்கியாச்சு, அடுத்து என்ன? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, மாதவரம் பக்கம் தார், ஜிம்னி, குர்கா போன்ற ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே சந்தேகங்களைத்தான். போனில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். உப்புக் காற்று, தேங்கும் தண்ணீர், கன்டெய்னர் லாரி என்று நம் பகுதிக்கென்று தனிப் பிரச்சினைகள் உண்டு. மலைப்பகுதியில் ஓட்டுகிறவர்கள் கொடுக்கும் பட்டியல் நமக்கு அப்படியே ஒத்துவராது.

அண்ணா, வண்டி டெலிவரி எடுத்து ஒரு வாரம்தான் ஆகுது. முதல்ல எதை மாத்தணும்?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முதல் சர்வீஸ் முடியும்வரை கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுங்கள். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து மூன்று விஷயங்களை மட்டும் தேடிப் படியுங்கள்: 4 ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகத்துக்கு), 4 லோ (அதுவே, மெதுவாக, அதிக பலத்தோடு) எப்போது, எந்த வேகத்தில் போடலாம், இழுவைக் கொக்கிகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு ஆழத் தண்ணீர்வரை போகலாம். வாங்கிப் பல மாதம் ஆகியும் 4 லோ கியரை ஒருமுறைகூடத் தொடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டியிலும் கூரை விளக்கு இருக்கும்.

இன்னொரு வேலை: ஸ்டெப்னியை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கடையில் காற்றடிக்கும் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு, கையில் இருக்கும் ஸ்பானருக்கு அசையாது. அதை நடுராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கன்டெய்னர் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளக் கூடாது.

சரி, கையில கொஞ்சம் காசு இருக்கு. முதல்ல என்ன வாங்கலாம்?

காற்றடிக்கும் கம்ப்ரசர், நல்ல ஏர் கேஜ், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட். இந்த மூன்றும்தான் முதலில். மணலிலும் சேற்றிலும் வண்டியை நகர்த்துவது என்ஜின் பலத்தைவிட டயரில் இருக்கும் காற்றின் அளவுதான். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து தரையைப் பிடிக்கும், வண்டியின் எடை அதிக இடத்தில் பரவும், மணலுக்குள் புதையாது. ஆனால் குறைத்த காற்றைத் திரும்ப அடிக்க வழி இருந்தால்தான் யாரும் தைரியமாகக் குறைப்பார்கள். அதற்குத்தான் கம்ப்ரசர்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசர் அவசரத்துக்கு ஆகும். நான்கு பெரிய டயருக்கு அடுத்தடுத்து அடித்தால் சூடாகி நின்றுவிடும், ஃபியூஸும் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். அடிக்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பஞ்சர் கிட் காட்டுக்குப் போகாதவர்களுக்கும் வேண்டும். லாரிகளிலிருந்து விழும் ஆணியும் கம்பித் துண்டும் மணலி, எண்ணூர் ரோடுகளின் ஓரத்தில் கிடக்காத நாள் இல்லை.

மணல்ல எவ்வளவு காத்து வைக்கணும்? கம்மி பண்ணா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடாதா?

டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் ரோட்டுக்கு. மெத்து மணலுக்கு 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். கல்லும் குழியுமான மண் பாதைக்கு 24, 25 போதும். சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போகாதீர்கள். அதற்குக் கீழே போய் வேகமாகத் திருப்பினால் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

காற்று குறைந்திருக்கும்போது மெதுவாகப் போங்கள், ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை காற்றடிப்பது. 18-ல் வைத்துக்கொண்டு பொன்னேரியிலிருந்து வீடுவரை 80-ல் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடாகி உள்ளேயே கிழியும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

டயர் மாத்தியே ஆகணுமா? ஏ.டி. போடவா, எம்.டி. போடவா?

வண்டியோடு வந்த டயர் தேயும்வரை ஓட்டுங்கள். அதற்குள் எங்கே அதிகம் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மாற்றும்போது பத்தில் ஒன்பது பேருக்கு ஏ.டி. எனும் ஆல் டெரைன் டயர்தான் சரி. எம்.டி. எனும் மட் டெரைன் டயரின் கட்டைகள் பெரிது, இடைவெளி அதிகம். சேற்றில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், சத்தம் போடும், மைலேஜையும் குறைக்கும். தினமும் ஜி.என்.டி. ரோட்டில் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை.

வாங்கும்போது பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடுவார்கள், கவனம். நான்கு வாங்கினால் போதாது, ஸ்டெப்னியும் அதே சைஸாக இருக்க வேண்டும். ஃபோர் பை ஃபோரில் ஒரு சக்கரத்தின் விட்டம் மாறினால், சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்தான் அடிவாங்கும்.

ஜிம்னிக்கு 215 டயர் போடலாம்ங்கிறாங்க. பிரச்சினை வருமா?

கம்பெனி அளவு 195/80 ஆர் 15. விட்டம் சுமார் 693 மி.மீ. எல்லோரும் போடும் 215/75 ஆர் 15-இன் விட்டம் சுமார் 703 மி.மீ. ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதற்கு மேலே போனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உரசுகிறதா, கியர் இழுக்கத் திணறுகிறதா என்று பார்க்க வேண்டிவரும். ஜிம்னி சுமார் 1,200 கிலோ வண்டி. அதன் லேசான எடைதான் மணலில் அதன் பலம். கனமான டயரைப் போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

பெரிய அலாய் வீல் போட்டா கெத்தா இருக்கும்னு கடைக்காரர் சொல்றாரு...

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரிம் பெரிதானால் ரப்பர் சிறிதாகும். மூன்று கதவுத் தாரில் 245/75 ஆர் 16 டயரின் பக்கச்சுவர் சுமார் 184 மி.மீ.; அதே வண்டியின் 255/65 ஆர் 18-க்கு 166 மி.மீ. காற்றைக் குறைக்கும்போது பரந்து கொடுப்பதும் கல்லில் மோதும்போது ரிம்மைக் காப்பதும் அந்தப் பக்கச்சுவர்தான். 16 அங்குல ரிம்மோடு வந்த வண்டி வைத்திருப்பவர் அதை மாற்றத் துடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். கையில் இருப்பதுதான் நல்லது.

காசிமேட்டுல விசைப்படகுக் கயிறு கிடைக்குது. அதையே இழுக்க வச்சுக்கக் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, எங்கள் பகுதிக்கே உரிய கேள்வியும்கூட. துறைமுகத்தில் அத்தனை பெரிய படகைக் கட்டி நிறுத்தும் கயிறு, ஒரு ஜீப்பை இழுக்காதா என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் வேலை வேறு. அங்கே விற்கும் கயிறுகளில் பல பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், மீள்தன்மை குறைவு, வெயிலில் நைந்துபோகும். சேற்றில் மாட்டிய வண்டியை ஓடிவந்து வெட்டி இழுக்கும்போது, நீளாத கயிறு மொத்த அதிர்ச்சியையும் கொக்கிக்குக் கொடுத்துவிடும். கொக்கி பிடுங்கிக்கொண்டு பறந்தால் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும்.

பழைய நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கும் முன் ஒரு புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள். உப்புப் படிகமும் மணலும் நுண்ணிழைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். ஒவ்வொரு முறை கயிறு இறுகும்போதும் அந்தத் துகள்கள் இழைகளை அறுத்துக்கொண்டே இருக்கும். வெளியில் கனமாகத் தெரியும் கயிற்றில் எவ்வளவு பலம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிச்சுப் போட்டால் இருக்கிற பலத்திலும் பாதிவரை போய்விடும்.

ஆகவே ஓடிவந்து இழுக்க, இரு முனையிலும் கண் வைத்துப் பின்னிய, இழுக்கும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கைனடிக் கயிறு ஒன்று. அசையாமல் மெதுவாக இழுக்கவோ மரத்தில் கட்டவோ நீளாத பட்டை ஒன்று. இரண்டிலும் தாங்கும் எடை அச்சிட்டிருக்க வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளை மட்டும் நம் ஊரிலேயே நன்றாக வாங்கலாம். துறைமுகமும் கிரேன் வேலையும் பக்கத்தில் இருப்பதால் பாரிமுனைத் தெருக்களில் பாரம் தூக்கும் சாமான் விற்கும் கடைகள் உண்டு. முக்கால் அங்குல வில் வடிவ ஷேக்கிள், உடலில் 4.75 டன் என்று புடைப்பாகப் பொறித்தது, அதைக் கேளுங்கள். எடை பொறிக்காத ஷேக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த ஷேக்கிளை எங்க மாட்டணும்?

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்ட, இழுவைக்கென்றே செய்த கொக்கியில். பம்பரில் திருகி மாட்டும் கண் கொக்கி நின்ற வண்டியைச் சமதளத்தில் இழுத்துப்போக மட்டும்தான். வண்டியைக் கப்பலிலோ டிரெய்லரிலோ கட்ட வைத்திருக்கும் வளையமும் இதற்கு ஆகாது. பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே போடாதீர்கள். அது உடைந்து பறந்து வெளிநாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

எந்தக் கொக்கி இழுவையைத் தாங்கும் என்று கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். தாங்கும் கொக்கி இல்லாத வண்டிக்கு, கம்ப்ரசருக்கு அடுத்த செலவு இதுதான். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான சாக்கோ ஈரக் கம்பளியோ போடுங்கள், அறுந்தால் கீழே விழும். சுற்றி நிற்கும் பிள்ளைகளையும் வீடியோ எடுப்பவர்களையும் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்துங்கள்.

வின்ச் இப்பவே போடலாமா?

வின்ச் என்பது மாட்டிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை; தனியாகப் போகிறவருக்கு அது உயிர். ஆனால் இரண்டு வண்டியாகப் போனால் கயிறும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் தடமிடும் பலகைகளும் ஒரு மண்வெட்டியும் பெரும்பாலான நேரம் போதும். வின்ச்சும் அதைத் தாங்கும் பம்பரும் முன்பக்கம் அறுபது எழுபது கிலோவைக் கூட்டிவிடும். அதற்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டிவரும், பேட்டரியைப் பார்க்க வேண்டிவரும். எப்படியும் போடுவதென்றால் ஆட்களும் சாமானும் ஏறிய வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் இருக்கட்டும்.

நம் பக்கத்துக் கடற்கரை மணலில் வின்ச் கயிறு கட்ட மரமே இருக்காது என்பதையும் யோசியுங்கள்.

புல் பார் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா? எல்லாரும் போட்டுட்டுத்தானே சுத்துறாங்க?

பிடிக்கலாம். முன்பக்கம் மாட்டும் இரும்புக் குழாய்த் தடுப்புகளான கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள்.

சட்டத்தை விடுங்கள். மோதும்போது முன்பக்கம் நசுங்கி, உள்ளே இருப்பவருக்கு வரும் அடியைக் குறைக்கும்படி வண்டியைச் செய்திருக்கிறார்கள். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று சென்சார் கணக்குப் போடுவதும் அந்த அமைப்பை வைத்துத்தான். குழாயை சேசிஸில் வெல்டு வைத்தால் அந்தக் கணக்கு குழம்பும். ரோட்டைக் கடக்கும் ஒருவர்மேல் அந்த இரும்பு பட்டால் என்ன ஆகும் என்பதையும் நினையுங்கள். தண்டையார்பேட்டைச் சந்துகளில் ஓட்டுகிற வண்டிக்கு அது எதற்கு?

எல்.இ.டி. பார்?

வரிசையாக விளக்கு வைத்த இந்தப் பட்டை, வாங்கும் பட்டியலில் கடைசி. முன்பக்கம் தேடல் விளக்கு, ஸ்பாட் விளக்கு பதிவு அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 111 சொல்கிறது. முதலில் இருக்கும் ஹெட்லைட்டைச் சரியான உயரத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் சாமான் ஏற்றினால் வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்ளும். தனியார் நிலத்தில் இரவில் ஓட்டுவதற்கென்று விளக்கு போட்டால், ரிலே, ஃபியூஸ், தடித்த வயர் மூன்றும் வேண்டும். ரோட்டில் மூடி போட்டு வையுங்கள்.

எங்க வீடு எண்ணூர்ல, கடல் பக்கத்துலயே. துருப்பிடிக்காம இருக்க அண்டர்கோட்டிங் போடணுமா?

போட வேண்டும். வண்டியின் அடிப்பாகத்தில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சுதான் அது. நம் பகுதிக்கு முதல் செலவு எது என்று கேட்டால் கம்ப்ரசருக்குச் சமமாக இதைச் சொல்வேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடலோரத் தெருக்களில் வண்டியை நிறுத்தி வைத்தாலே உப்பு வந்து படியும். ஓட்டாத வண்டிக்கும் துரு ஏறும்.

யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம். ஷோரூமிலோ கடையிலோ கறுப்பு ரப்பர் பூச்சை ஈரத்தின்மேலேயே அடித்துவிட்டால், உள்ளே மாட்டிய உப்பும் ஈரமும் பூச்சுக்குப் பின்னால் ஒளிந்து தின்னும். சில வருடம் கழித்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் பூச்சு பாளமாகப் பெயர்ந்து, கீழே செம்பழுப்புப் பொடி கொட்டும். எனவே வண்டி புதிதாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். சேசிஸ் பெட்டிக்குள் மெழுகு வகை அல்லது எண்ணெய் வகைப் பூச்சைக் குழாய்விட்டு அடிக்கச் சொல்லுங்கள். துரு தொடங்குவது உள்ளிருந்துதான். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் டிஸ்க், புகைக்குழாய், சென்சார் ஆகியவற்றில் பூச்சு படக் கூடாது.

அதைவிட முக்கியமானது கழுவும் தண்ணீர். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பக்கத்து காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-இல் தொடங்கினார்கள், நிலைமை உங்களுக்கே தெரியும். அந்தப் பக்க வாட்டர் வாஷ் கடைகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உப்பை உப்பால் கழுவிக்கொண்டு வருவீர்கள். கழுவிய வண்டி காய்ந்ததும் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கடையை மாற்றுங்கள். இல்லையென்றால் கடைசி அலசலை மட்டும் வீட்டில் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை, அடிப்பாகம் முக்கியம்.

4 ஹை-லயே போட்டு எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட்டலாமா? கிரிப் நல்லா இருக்கும்ல?

காய்ந்த ரோட்டில் கூடாது. மூன்று கதவுத் தார், ஜிம்னி இரண்டிலும் 4 ஹை போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். ரோடு பிடித்துக்கொள்வதால் அந்த வித்தியாசம் கியர் பெட்டிக்குள் முறுக்காகத் தங்கும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டி விக்கும். மணல், சேறு, சரளை என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி முறுக்கு கழன்றுவிடும். அங்கே தாராளமாகப் போடுங்கள்.

ஸ்னார்க்கல் போட்டா கணேசபுரம் சப்வேல எவ்வளவு தண்ணி நின்னாலும் போயிடலாமா?

போக முடியாது. தயவுசெய்து முயலவும் வேண்டாம். ஸ்னார்க்கல் செய்வது ஒன்றே ஒன்று: என்ஜின் காற்று இழுக்கும் வாயை மேலே தூக்குகிறது. தண்ணீர் என்ஜினுக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அதைத் தடுக்கத்தான். கதவு ரப்பர் வழியே தண்ணீர் வருவதையோ, வயரிங் நனைவதையோ, வண்டி மிதந்து பக்கவாட்டில் போவதையோ அது தடுக்காது.

மூன்று கதவுத் தாருக்குக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மி.மீ., அதாவது இரண்டடிக்குச் சற்று மேல். கம்பெனியே ஸ்னார்க்கல் மாட்டித் தரும் குர்காவுக்கும் 700 மி.மீ.தான். அதுவும் தேங்கி நிற்கும், அடித்தரை தெரிந்த தண்ணீரில், மெதுவாக. மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயின் நடுவில் எவ்வளவு ஆழம் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. எதிரே ஒரு லாரி இறங்கினால் அது தள்ளும் அலை உங்கள் பானட்டுக்கு மேல் ஏறும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெரும்பாலான என்ஜின்கள் போவது அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான்.

அப்ப தண்ணிக்காக எதுவுமே செய்ய வேணாமா?

பிரீதர் குழாயை நீட்டுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். அச்சுகளிலும் கியர் பெட்டியிலும் உள்ளிருக்கும் காற்று விரிந்து சுருங்க ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயை என்ஜின் அறையின் மேல்மட்டம்வரை ரப்பர் ஹோஸ் போட்டு ஏற்றிவிட்டால் காற்றைத்தான் உறிஞ்சும்.

ஆழத் தண்ணீரில் போய் வந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். பிரேக்கையும் மெதுவாக அமுக்கி அமுக்கிக் காயவையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட தண்ணீர் பட்டால் ரப்பர் புஷ், பூட் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டா கியாரன்ட்டி போயிடுமா?

வண்டியைத் தூக்கி நிறுத்தும் இந்தக் கிட்டைப் போட்டால் சஸ்பென்ஷனுக்கும் அதைச் சார்ந்த பாகங்களுக்கும் வாரன்ட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். அதோடு அச்சுக்கு இழுவை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், ஹெட்லைட் மேலே தூக்கும், ஸ்டீயரிங் நேராக நிற்பது கெடும். புல் பார் பற்றிய கேள்வியில் சொன்ன 52-ஆவது பிரிவும் இங்கே வரும். புதிதாக வாங்கியவருக்கு இது வேண்டாம். அடியில் இரும்புத் தகடு போட்டுக் காப்பது அதைவிட நல்ல செலவு.

என்னோடது டூ வீல் டிரைவ் தார். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

காற்று, கயிறு, துரு, பிரீதர் நான்கும் அப்படியே பொருந்தும். ஏ.டி. டயர் உங்களுக்கு இன்னும் அதிகம் உதவும். மெத்து மணலையும் உளையையும் மட்டும் விட்டுவிடுங்கள். முன் அச்சு இழுக்காத வண்டியில் அதை வின்ச்சாலும் டயராலும் ஈடுகட்டப் பார்ப்பது காசுக்குக் கேடு.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணுமா? சொன்னா பிரீமியம் ஏறுமே?

ஏறும், ஆனாலும் சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டிய பொருளுக்கு இழப்பீடு வராது என்பதோடு, அதனால்தான் விபத்து என்று சொல்லி மொத்தத்தையும் இழுத்தடிக்க வழி கிடைத்துவிடும். வடசென்னையில் இருப்பவர் என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து என்ஜின் போனால் பணம் வருவது கஷ்டம். வயரிங்கை வெட்டி ஒட்டாமல், செருகிக் கழற்றும் கப்ளர் வைத்து மாட்டினால் வாரன்ட்டி சண்டையும் குறையும்.

பழவேற்காடு பீச்ல இறக்கி ஓட்டிப் பழகலாமா? இல்லன்னா வேற எங்க போறது?

கடற்கரையில் வேண்டாம். இதை நான் மனசிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும், பொரிய நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும். மேலே ஓட்டினால் மணல் இறுகும். டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் விடிந்ததும் காக்கைக்கு இரையாகும். மற்ற மாதங்களில் கரை மீனவர்களுடையது. வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் அங்கேதான். ஏரி ஓரம் காய்ந்த மணல் மாதிரி தெரிவதற்குக் கீழே கறுத்த களி இருக்கும், ஒரு டிராக்டரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். செப்பாக்கம் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைகளும் அப்படித்தான். மேலே காய்ந்த தோல், உள்ளே குழம்பு.

கொசஸ்தலையாறு, ஆரணியாறு மணலில் ஓட்டுகிறவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதை நினைக்கவே வேண்டாம். பூண்டியில் திறந்தால் கொசஸ்தலையாற்றிலும், ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையில் திறந்தால் ஆரணியாற்றிலும் இங்கே ஒரு துளி மழை இல்லாமலே தண்ணீர் வரும். காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் நிலம் வைத்திருக்கும் உறவினர், நண்பர் இல்லாதவர் நம்மில் குறைவு. அறுவடை முடிந்த நிலத்தின் ஓரப் பாதையில் அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு முழுநாள் 4 லோவில் ஓட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எப்படி மற்ற சக்கரத்துக்கு இழுவையை மாற்றுகிறது என்பதை வண்டியே காட்டும். வரப்பை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

வெள்ளம் வந்தா நம்ம வண்டியை எடுத்துட்டுப் போய் ஜனங்களைக் காப்பாத்தலாமா?

நல்ல மனசோடு கேட்கிறீர்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது வண்டி கிளப்பும் அலை இரண்டு பக்கமும் வீட்டுக்குள் போய் அரிசிப் பானைவரை நனைக்கும். திறந்து கிடக்கும் மேன்ஹோல் தெரியாது. ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் ஆழத்திலேயே வண்டியைத் தள்ளும். 2015-லும் 2023-லும் ஆட்களை வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் மீனவர்களின் படகுகள்தான்.

வண்டியின் வேலை தண்ணீர் விளிம்புவரை. பால், சாப்பாடு, மருந்து, வயதானவர்களை மேட்டுப் பகுதிக்கு ஏற்றிப் போவது, ரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கயிறு போட்டு ஓரம் கட்டுவது என்று அங்கே வேலை நிறைய இருக்கும். நடை வேகத்தில் போங்கள், ஒருவர் முன்னால் கம்பு ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கட்டும், மின்கம்பத்தை விட்டுத் தள்ளியே போங்கள். எந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்தியிருக்கிறார்கள், எங்கே மேன்ஹோல் திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ, தெருமுனையில் நிற்கும் பணியாளர்களிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.